வேலூர் சிஎம்சி: ஸ்பான்சர் கடிதமும் இரண்டாண்டுச் சேவையும் ஒரு மாணவரிடம் என்ன கேட்கின்றன?

நீட் முடிவு வந்த கையோடு கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் ஒரு தனிக் குழப்பம் தொடங்கிவிடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆயரிடம் கடிதம் வாங்க வேண்டுமாமே, ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்களாமே, படித்து முடித்ததும் எங்கோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்க்க வேண்டுமாமே என்று ஆளுக்கொரு தகவல் வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேறொரு கேள்வி: நாடு முழுக்க நீட் வந்த பிறகும் ஒரு கல்லூரி எப்படி மதத்தைப் பார்த்து மாணவர்களைச் சேர்க்க முடிகிறது?

இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். இந்தக் கல்லூரி பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் மதிப்பெண்ணோடு ஒரு வாக்குறுதியையும் கேட்கிறது. அந்த வாக்குறுதியை யார், யாருக்குக் கொடுக்கிறார்கள், அது எப்போது அந்தப் பிள்ளையின் சொந்த முடிவாகிறது என்பதைப் பார்த்துவிட்டால் மற்றவை தெளிந்துவிடும்.

எங்கிருந்து வந்தது இந்த வழக்கம்?

இடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு மருத்துவ மிஷனரியாக வந்து, பிறகு சென்னைக்கு மாறியவர். அப்பாவும் மருத்துவர். பேத்திக்கோ அந்த வாழ்க்கையில் விருப்பமில்லை. அமெரிக்காவிலேயே இருந்துவிடவே நினைத்தார். 1890களில் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி அவரை அழைத்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் உயர்சாதி இந்து. இடாவுக்கு மருத்துவம் தெரியாது. மருத்துவம் தெரிந்த அப்பாவை, ஆண் என்பதால் மூவரும் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அதன் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1899இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று 1900இல் வேலூர் திரும்பினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அவருடைய பணி வளர்ந்தது. பள்ளி 1942இல் எம்பிபிஎஸ் கல்லூரியாக உயர்ந்தது. 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

பலமுறை சொல்லப்பட்ட கதைதான் இது. ஆனால் சேர்க்கை முறையைப் புரிந்துகொள்ள இதில் ஒரு நுணுக்கம் தேவைப்படுகிறது. இடாவின் முடிவை மாற்றியது உள்ளத்து உணர்ச்சி மட்டும் அல்ல. சாகக் கிடக்கும் பெண்கள் இருந்தார்கள்; அவர்களிடம் போகக்கூடியவர் ஒரு பெண் மருத்துவர்தான்; அப்படி ஒருவர் அங்கே இல்லை. “உனக்கு என்ன பிடிக்கும்?” என்பதோடு “எங்கே ஆள் இல்லை?” என்பதையும் சேர்த்துக் கேட்கும் பழக்கம் கல்லூரிக்கு அங்கிருந்துதான் வந்தது. ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய என்ற வேத வசனமே கல்லூரியின் குறிக்கோள் வாசகம்.

அடிக்கடி காதில் விழும் நான்கு சொற்கள்

1. சிறுபான்மைக் கல்வி நிறுவனம். மத, மொழிச் சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்த அரசமைப்புச் சட்டத்தின் 30(1)ஆம் பிரிவு உரிமை தருகிறது. தனியார் கல்லூரிகளிலும் அரசு இட ஒதுக்கீடு கொண்டுவர வழிசெய்யும் 15(5)ஆம் பிரிவு, சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. சிஎம்சி கிறிஸ்தவ மாணவர்களுக்கென இடங்கள் வைத்திருப்பது இந்த அடிப்படையில். மதம் பாராத பொது இடங்களும் அங்கே உண்டு.

2. ஸ்பான்சர் அமைப்பு. இதைக் கட்டணம் கட்டுகிறவர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. கல்லூரியை நடத்தும் சங்கத்தில் உறுப்பினராக உள்ள ஒரு திருமண்டலமோ (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகளின் தொகுதி), சபைப் பிரிவோ, மிஷன் மருத்துவமனைக் குழுவோ “இவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர், படிப்பு முடிந்ததும் எங்கள் மருத்துவப் பணிக்கு வருவார்” என்று பரிந்துரைப்பதுதான் ஸ்பான்சர்ஷிப். தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலங்கள் முதல் வடகிழக்கின் பாப்திஸ்து சபைகள் வரை பல அமைப்புகள் இதில் இருக்கின்றன.

3. சேவைக் கடமை. படிப்பு முடிந்ததும் ஸ்பான்சர் செய்த அமைப்பின் மருத்துவமனையிலோ தேவை உள்ள வேறு இடத்திலோ, வழக்கமாக இரண்டு ஆண்டுகள் பணிபுரிய ஒப்பந்தம் எழுதித் தருவது. பேச்சில் இதை ‘பாண்ட்’ என்கிறோம்.

4. அழைப்பு. கடவுள் தன்னை ஒரு குறிப்பிட்ட வேலைக்கு அழைக்கிறார் என்ற நம்பிக்கை. சபைகளில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் சொல். முதல் மூன்றையும் காகிதத்தில் சரிபார்க்கலாம், இதை முடியாது. சிக்கலின் மையம் இந்த நான்காவதுதான்.

கடன் இல்லாமல் வெளியே வருவது

சேவைக் கடமையைத் தண்டனைபோலப் பேசுகிறவர்கள் கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிஎம்சியில் எம்பிபிஎஸ் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 3,000 ரூபாய் அளவில் இருந்துவந்தது. விடுதி, உணவு, பல்கலைக்கழகக் கட்டணங்கள் தனி. அவற்றைச் சேர்த்தாலும், ஆண்டுக்குப் பல லட்சம் வாங்கும் தனியார் கல்லூரிகளின் பக்கத்தில்கூட வராது. மருத்துவமனை வருவாயும் நன்கொடைகளும், வெளியே கிடைப்பதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆசிரியர்களும்தான் அந்த இடைவெளியை நிரப்புகிறார்கள்.

இதன் விளைவைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். கல்விக்கடன் வாங்கி, நிலத்தை விற்று, கோடிக்கணக்கில் செலவழித்துப் படித்து வரும் இளம் மருத்துவர், மனசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒடிசாவின் மலைப்பகுதியில் உள்ள ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. மாதத் தவணை அவரை நகரத்துக்கு இழுத்துவிடும். கடன் இல்லாமல் வெளியே வருகிறவருக்கு மட்டும்தான் அழைப்பு என்ற சொல்லை யோசித்துப் பார்க்கவே இடம் கிடைக்கிறது. குறைந்த கட்டணமும் சேவைக் கடமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது.

நீட் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை

நீட் வருவதற்கு முன்பு சிஎம்சி தானே ஒரு நுழைவுத் தேர்வு நடத்தி, தேறியவர்களை வேலூருக்கு அழைத்துச் சில நாட்கள் தங்கவைத்து, நேர்காணலும் குழுச் செயல்பாடுகளும் நடத்தியே தேர்ந்தெடுத்தது. இந்தப் பிள்ளை கிராமத்தில் தாக்குப்பிடிக்குமா, கூட்டத்தில் மற்றவர் பேச்சைக் கேட்கிறதா, சொன்ன சொல்லைக் காப்பாற்றுமா என்பதைப் பார்ப்பதுதான் நோக்கம். அப்புறம் நடந்தவை இவை:

1. 2010 இறுதியில் பொது நுழைவுத் தேர்வுக்கான அறிவிக்கை வந்தது. அதை எதிர்த்த வழக்குகளின் தொகுப்பே சிஎம்சியின் பெயரில்தான் அறியப்படுகிறது. 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது.

2. 2016 ஏப்ரல் 11 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் 10டி பிரிவு சேர்க்கப்பட்டு, நீட் சட்டப்படியே கட்டாயமானது.

3. தன் தேர்வு முறையை விட்டுவிட்டுப் பொதுக் கலந்தாய்வில் சேர்க்க விரும்பாத சிஎம்சி, 2017இல் 100 எம்பிபிஎஸ் இடங்களில் ஒரே ஒருவரைத்தான் சேர்த்தது. அவர் மத்திய அரசு நியமித்த மாணவர். மற்ற 99 இடங்களும் காலியாகவே கிடந்தன. ஒரு மருத்துவக் கல்லூரி தன் கொள்கைக்காகக் கொடுத்த மிகப் பெரிய விலை அது. அதைச் சரியென்றும் சொன்னார்கள், மருத்துவர் பற்றாக்குறை உள்ள நாட்டில் வீண் என்றும் சொன்னார்கள்.

4. 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, சிறுபான்மை நிறுவனங்களும் நீட் வழியாகத்தான் சேர்க்க வேண்டும் என்று முடித்துவைத்தது. நீட் ஒரு ஒழுங்குமுறை ஏற்பாடு, தகுதியையும் தரத்தையும் காக்கிறது, நன்கொடை முறைகேடுகளைத் தடுக்கிறது; ஆகவே 30ஆம் பிரிவு தரும் நிர்வாக உரிமையை அது பறிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

ஸ்பான்சர் முறை இதில் அழிந்துவிடவில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. நீட்டில் தகுதி பெற்று, ஸ்பான்சர் அமைப்பின் ஆதரவும் உள்ளவர்களுக்கு இடையே நீட் மதிப்பெண்படி இடம் கிடைக்கிறது. போனது நேர்காணல். பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவெடுத்த வாய்ப்பு போய்விட்டது.

இதனால் பாரம் இடம் மாறியிருக்கிறது. முன்பு மூன்று கட்டங்களில் வடிகட்டினார்கள்: சபை, தேர்வு, நேர்காணல். இப்போது சபையும் மதிப்பெண்ணும்தான். சேவை மனப்பான்மையைப் பார்க்க வேண்டிய பொறுப்பு முழுவதும் சபையின் தலையில் விழுந்திருக்கிறது. பல சபைகள் அதை இன்னும் உணரவில்லை என்றே நினைக்கிறேன். ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி, ஒரு படிவத்தில் முத்திரை குத்திக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஸ்பான்சர் பட்டியலுக்குள்ளும் அதிக மதிப்பெண்தான் முந்துகிறது என்பதால், நகரத்தில் இரண்டு வருடம் கோச்சிங் போக முடிந்த பிள்ளைக்கே வாய்ப்பு கூடுகிறது. மிஷன் ஆஸ்பத்திரி இருக்கும் அதே மலைக் கிராமத்துப் பிள்ளை பின்னால் போய்விடுகிறது. படிப்பு முடிந்ததும் அந்த ஊரில் தங்கிவிட அதிகக் காரணங்கள் உள்ள பிள்ளை அதுதான்.

எந்தச் சான்றிதழை நீட்டுவது?

இனி சொல்லப்போவதைத் திருச்சபைகள் வெளிப்படையாகப் பேசுவது குறைவு. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு தலித் கிறிஸ்தவ மாணவருக்கு விசுவாசமும் எதிர்காலமும் நேருக்கு நேர் மோதுவது இந்த இடத்தில்தான்.

பட்டியல் சாதிகளுக்கான 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி, குறிப்பிட்ட மதங்களைச் சேர்ந்தவர்களே பட்டியல் சாதியினர் ஆக முடியும். முதலில் இந்துக்கள், 1956இல் சீக்கியர்கள், 1990இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. இதை ஆராய 2022இல் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. பழங்குடியினருக்கு இந்த நிபந்தனை இல்லை. மதம் மாறினாலும் அவர்கள் பழங்குடியினரே.

தமிழ்நாட்டில், ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவர்களானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதாவது, ஒரே தெருவில், ஒரே ஒதுக்குதலை அனுபவிக்கும் இரண்டு வீடுகளில், இந்து வீட்டுப் பிள்ளை அரசுக் கல்லூரி இடங்களுக்குப் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்தில் போட்டியிடும். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 சதவீதத்தில், வசதியான சாதிகளோடு போட்டியிட வேண்டும். அங்கே தேவைப்படும் மதிப்பெண்ணும் அதிகம். இதனால்தான் பல குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனாலும் சாதிச் சான்றிதழில் இந்து என்றே வைத்திருக்கின்றன.

சிஎம்சி விண்ணப்பம் வரும்போது இது முட்டிக்கொள்கிறது. ஸ்பான்சர் கடிதத்துக்கு ஞானஸ்நானமும் சபை உறுப்பினர் நிலையும் வேண்டும். அரசு இடத்துக்கு இந்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் கையில் வைத்துக்கொண்டால் நாளை சட்டச் சிக்கல் வரும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று ஆலயம் சென்றுவந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டதை மறுத்தது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்லிக்கொள்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றும் சொன்னது. ஆக, ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பம் பிள்ளைக்குப் பதினேழு வயதாகும்போது எந்த வாசலில் நிற்பது என்று முடிவு செய்தாக வேண்டும். தவறான வாசலைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் கைவிட்டுப் போகலாம்.

இது அந்தக் குடும்பத்தின் விசுவாசக் குறைவு என்று மேடையில் பேசுகிற போதகர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். சாதிக் கொடுமை ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துவிடுவதில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுப்பிய சபைகள் தமிழ்நாட்டில் இருந்திருக்கின்றன. அரசு இட ஒதுக்கீட்டிலிருந்து சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு இருப்பதால், இந்தப் பிள்ளைகளுக்கு வழி விடும் கடமை நேரடியாகத் திருச்சபைகளுக்கே வருகிறது. ஸ்பான்சர் பட்டியல் தயாரிக்கும் குழு அதைக் கணக்கில் எடுக்கவில்லையென்றால், 30ஆம் பிரிவு சபையின் பலவீனமான பகுதிக்கு எதிராகவே வேலை செய்துவிடும்.

கையெழுத்து யாருடையது?

நீட் எழுத, சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும். இந்திய ஒப்பந்தச் சட்டப்படியோ 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. எனவே பல வீடுகளில் அந்தச் சேவை ஒப்பந்தம் பெற்றோர் கையெழுத்தில்தான் நிற்கிறது. சட்ட விஷயமாக மட்டும் இதைக் கடந்துபோகக் கூடாது. வாக்குறுதி கொடுப்பது ஒருவர், ஐந்தரை ஆண்டுகள் கழித்து அதை நிறைவேற்ற வேண்டியது இன்னொருவர்.

குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அப்பா அம்மா குழந்தையின் சார்பில் வாக்குறுதி கொடுப்பார்கள். பிள்ளை வளர்ந்ததும் திடப்படுத்தல் ஆராதனையில் அதைத் தன் வாயால் ஏற்கும். சேவை ஒப்பந்தத்துக்கும் அப்படி ஒரு திடப்படுத்தல் வேண்டும், அதற்கு ஏற்ற இடம் அந்த இரண்டு ஆண்டுகளே என்பது என் வாதம். பதினேழு வயதில் “எனக்கு அழைப்பு இருக்கிறது” என்று ஒரு பிள்ளை சொல்வதை நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். அதைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தால் போதும். நேர்காணல் முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பார்த்ததை, சேவைக் காலம் பின்னால் நிஜமாகவே கண்டுபிடிக்கிறது. அந்த வகையில், நேர்காணல் போனதற்காக வருந்துவதைவிடச் சேவைக் காலத்தைச் சரியாக நடத்துவதில் கவனம் செலுத்துவது மேல்.

அழைப்பு ஒரு தடவை வந்து அப்படியே நிற்பதும் இல்லை. மேரி வர்கீஸ் சிஎம்சியில் படித்தவர். பெண்கள் மருத்துவத்தில் போக நினைத்தவர். 1954இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. கொல்லிமலையில் பிறந்து, தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையை வேலூரில் வளர்த்த பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே இந்த அறுவை சிகிச்சையைச் செய்யலாம் என்று அவருக்கு வழிகாட்டினார். மேரி சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். பதினெட்டு வயதில் அவர் எழுதிக் கொடுத்த எந்தப் படிவத்திலும் இந்த வாழ்க்கை இருந்திருக்காது.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேவ சித்தம் என்ற சொல்லைப் பிள்ளையின் வாயை அடைக்கப் பயன்படுத்தாதீர்கள். “ஜெபித்துவிட்டோம், ஆண்டவர் டாக்டருக்குத்தான் வழிகாட்டியிருக்கிறார்” என்று அப்பா சொன்ன பிறகு, எந்தப் பிள்ளை எதிர்த்துப் பேசும்? அப்பாவை மறுப்பதே கடவுளை மறுப்பதாக ஆகிவிடுகிறது. மருத்துவம் ஐந்தரை ஆண்டு, சேவை இரண்டு, மேற்படிப்பு மூன்று என்று கூட்டினால் இருபத்தெட்டு வயதாகிவிடும். பெண்பிள்ளையாக இருந்தால் சேவைக் காலத்திலேயே கல்யாணப் பேச்சும் வந்து சேரும். மாப்பிள்ளை வீடு அந்த ஊருக்கு வராது என்ற ஒரே காரணத்துக்காக, அபராதம் கட்டி பாண்டை முறித்துக்கொள்ளும் யோசனையை முதலில் எடுப்பது பல நேரங்களில் ஜெபித்து அனுப்பிய அதே குடும்பம்தான்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. எந்த மருத்துவமனை? ஸ்பான்சர் அமைப்புக்கு இன்று இயங்கும் மருத்துவமனை இருக்கிறதா, அங்கே வழிகாட்ட ஒரு மூத்த மருத்துவர் இருக்கிறாரா? மிஷன் மருத்துவமனைகள் பல மூடப்பட்டோ சுருங்கியோ போயின. இருபத்துமூன்று வயது மருத்துவரை, மயக்க மருந்து கொடுக்கவோ ரத்தம் ஏற்றவோ வசதியில்லாத இடத்தில் தனியாக விடுவது அவருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து. முடிந்தால் விடுமுறையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் பாருங்கள்.

2. சம்பளம், தங்குமிடம், விடுப்பு எல்லாம் எழுத்தில் இருக்கின்றனவா? ஊழியம் என்ற சொல்லைச் சொல்லிக் கூலியைக் குறைப்பது நம் சபை நிறுவனங்களில் பழைய பழக்கம். இரண்டாண்டுச் சேவையைச் சபைக்குக் கிடைத்த மலிவான ஆளாகப் பார்க்கும் நிர்வாகத்திடம், திரும்ப வந்து தங்க யாரும் விரும்புவதில்லை.

3. நிறைவேற்ற முடியாமல் போனால் என்ன? அபராதத் தொகை, உடல்நலம் அல்லது குடும்பக் காரணங்களுக்குத் தரப்படும் சலுகை, சேவையைத் தள்ளிவைக்க இடம் உண்டா என்பதெல்லாம் அந்தந்த ஆண்டின் கையேட்டிலும் ஒப்பந்தத்திலும் இருக்கும். போன வருடம் சேர்ந்த பிள்ளையின் வீட்டில் கேட்டுக்கொள்வது போதாது. மாநில அரசுகளின் கட்டாயச் சேவை ஒப்பந்தங்களை உச்ச நீதிமன்றம் 2019இல் ஏற்றுக்கொண்டது. பாண்ட் எல்லாம் சும்மா காகிதம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

4. பிள்ளை வேறு சபைக்கு மாறினால், அல்லது நம்பிக்கையே தளர்ந்தால்? கல்லூரி வாழ்க்கையில் இது நடக்கும். அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் யாரையும் அவர் சம்மதமின்றி வழிபாட்டில் பங்கேற்கக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அரசமைப்பின் 28(3)ஆம் பிரிவு. 18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். சேவைக் கடமையோ அப்படிக் கரைந்துவிடாது. விசுவாசம் தளர்ந்த மருத்துவருக்கும் அந்த ஊர் நோயாளிகள் காத்திருப்பார்கள். அவர் போய் அந்த இரண்டு ஆண்டையும் நேர்மையாகச் செய்தால், சபை அவரை முழு மரியாதையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

5. இதே கேள்விகளைப் பெற்றோர் இல்லாத அறையில் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா? ஆயர் கேட்கலாம், பள்ளி ஆசிரியர் கேட்கலாம், அந்தச் சேவையை முடித்த ஒரு மருத்துவர் கேட்டால் இன்னும் நல்லது. பிள்ளை “வேண்டாம்” என்று சொன்னால், அதை வீட்டில் எடுத்துச் சொல்லும் தைரியம் கேட்டவருக்கு இருக்க வேண்டும். அந்த இடத்துக்காக அடுத்த பெயர் பட்டியலில் காத்திருக்கிறது.